பழைய ஜீப்பில் முதல் ரூபாயை எங்கே போடுவது

காரைக்குடியைச் சுற்றி எந்த ஊருக்குள் போனாலும், பூட்டிக் கிடக்கும் ஏதோ ஒரு பெரிய வீட்டின் பின்வாசல் பக்கம் கார் கொட்டகையும், அதற்குள் தூசி மூடிய ஒரு பழைய மகிந்திரா ஜீப்பும் நிற்கும். எங்கள் வீட்டிலும் அப்படித்தான். ஐயா வாங்கிய 1989 மாடல் எம்.எம். 540. ஐயா காலமான பிறகு ஒன்பது வருடம் யாரும் அதைத் தொடவில்லை. கல்யாணம், காதுகுத்து என்று வீட்டைத் திறக்கும்போது பிள்ளைகள் ஏறி உட்கார்ந்து ஸ்டீயரிங்கைத் திருப்பி விளையாடுவதோடு சரி. அதை மறுபடி ஓட்ட வேண்டும் என்று முடிவு செய்தபோது என்னிடம் ஆசை இருந்தது, கொஞ்சம் சேமிப்பும் இருந்தது. எதை முதலில் செய்வது, எதைத் தள்ளிப்போடுவது என்ற வரிசை மட்டும் இல்லை.

முதல் மாதமே 31 அங்குல டயர் நான்கு வாங்கிப் போட்டேன். வண்டி பார்க்க அவ்வளவு கம்பீரமாக இருந்தது. மறுவாரம் குன்றக்குடியில் இருந்து பிள்ளையார்பட்டிக்குப் போகும்போது ஒரு பசுமாடு குறுக்கே வர, பிரேக்கை மிதித்தேன். முன்பக்க வலது சக்கரத்தில் பிரேக்கைத் தள்ளும் வீல் சிலிண்டர் வருடக்கணக்காக நின்றே இறுகிப்போயிருந்திருக்கிறது, அந்தச் சக்கரம் பிடிக்கவே இல்லை. வண்டி இடது பக்கம் இழுத்துக்கொண்டு போய் ரோட்டோரச் செம்மண் சரிவில் இறங்கி நின்றது. மாட்டுக்கும் ஒன்றும் ஆகவில்லை, பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் தங்கைக்கும் ஒன்றும் ஆகவில்லை. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அதனால்தான் இதை எழுதுகிறேன். பழைய ஜீப்பில் செலவுக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் அது நிற்க வேண்டும், அடுத்து சொன்ன பக்கம் திரும்ப வேண்டும், அதற்கடுத்து சூடாகாமல் ஓட வேண்டும், பிறகு மின்சாரம், துரு. டயர், லைட், சீட், பெயிண்ட் எல்லாம் இதற்கப்புறம்தான். கண்ணுக்குத் தெரியாத இடத்தில் போடும் பணம்தான் உங்களை வீட்டுக்குத் திரும்பக் கொண்டுவந்து சேர்க்கும்.

முதலில் ஆர்.சி., அப்புறம் ஸ்பானர்

சாமான் வாங்கும் முன் உங்களிடம் இருப்பது உண்மையில் எந்த வண்டி என்று பாருங்கள். முன்னால் என்ன எழுத்து ஒட்டியிருக்கிறது என்பதை நம்ப வேண்டாம். எம்.எம். 540 என்றால் பெஜோ வகை 2112 சி.சி. டீசல் இன்ஜின். அதற்கு முந்தைய சில ஜீப்களில் இருப்பது இன்டர்நேஷனல் பி-275 டிராக்டர் இன்ஜின் வழிவந்த 2350 சி.சி. பின்னாளில் வந்த கமாண்டர் போன்ற வண்டிகளில் 2523 சி.சி. டைரக்ட் இன்ஜெக்‌ஷன். முப்பது வருடத்தில் கைமாறிய வண்டி என்றால் இன்ஜின் ஒன்று, கியர்பாக்ஸ் வேறு, பின் ஆக்சில் இன்னொரு வண்டியுடையது என்றிருக்கலாம். 3 கியரா 4 கியரா என்று பாருங்கள், ஆக்சிலுக்குள் இருக்கும் கிரௌன், பினியன் என்ற இரண்டு கியரின் பல் எத்தனைக்கு எத்தனை (அதுதான் ரேஷியோ) என்று எழுதி வையுங்கள். முன் ஆக்சிலும் பின் ஆக்சிலும் ஒரே ரேஷியோவாக இல்லாவிட்டால் நான்கு சக்கர இழுவையைப் போட்ட அன்றே கியர்பெட்டிக்குள் சண்டை தொடங்கிவிடும்.

டிராக்டர் இன்ஜின் வகை என்றால் நம் பக்கத்தில் நீங்கள் அதிர்ஷ்டசாலி. புதுவயல், தேவகோட்டை பக்கம் டிராக்டர் வேலை பார்க்கும் பெரியவர்களுக்கு அந்த இன்ஜின் தலைகீழாகத் தெரியும். ஜீப் மெக்கானிக்கைத் தேடி மதுரைக்கு ஓடுவதற்கு முன் அவர்களைக் கேளுங்கள்.

சேஸ் நம்பரும் இன்ஜின் நம்பரும் ஆர்.சி.யில் உள்ளதோடு பொருந்துகிறதா என்று துடைத்துப் பார்த்துப் போட்டோ எடுங்கள். தனியார் வண்டிக்குப் பதிவு 15 வருடம், அதற்குப் பிறகு ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்க வேண்டும், பசுமை வரியும் உண்டு. எங்கள் வண்டிக்கு அது முடிந்து வெகுநாள் ஆகியிருந்தது. இன்ஜின், எரிபொருள், பாடி இவற்றை மாற்றுவதென்றால் மோட்டார் வாகனச் சட்டம் 52ஆவது பிரிவின்படி ஆர்.டி.ஓ. அனுமதி வேண்டும், ஆர்.சி.யில் பதிவும் ஆக வேண்டும். தயாரிப்பாளர் கொடுத்த அடிப்படை விவரங்களுக்கு முரணாக வண்டியை மாற்றக்கூடாது என்று உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஆகவே பெரிய மாற்றம் ஏதாவது மனதில் இருந்தால், பணம் கொடுத்து இன்ஜினை வாங்கிய பிறகு கேட்காதீர்கள், வாங்கும் முன் போய்க் கேளுங்கள். பதிவு சரியில்லாத வண்டிக்கு இன்சூரன்ஸ் இருந்தும் விபத்து நாளில் கைகொடுக்காமல் போகலாம்.

வண்டிக்கு ஒரு பேரேடு

நம் ஊரில் கணக்கு எழுதுவதை யாரும் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஐயா கடைக் கணக்கை நாள்வழி தனி, பேரேடு தனி என்று எழுதிய கை. ஜீப்புக்கும் அதே முறைதான் சரி. நாள்வழியில் அன்றன்று என்ன நடந்தது, எத்தனை கிலோமீட்டர், என்ன சத்தம், எவ்வளவு செலவு. பேரேட்டில் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு பக்கம்: பிரேக், ஸ்டீயரிங், முன் ஆக்சில், பின் ஆக்சில், கியர்பெட்டி, இன்ஜின், கூலிங், டீசல் வழி, வயரிங், சேஸ், பாடி. நாள்வழியில் இருப்பதை வாரம் ஒருமுறை அந்தந்தப் பக்கத்துக்குக் கொண்டுபோங்கள். மூன்று மாதத்தில் எந்தப் பக்கம் நிறைகிறது என்று தெரியும், உங்கள் பணம் எங்கே போக வேண்டும் என்பதும் அதுவே சொல்லும்.

ஒவ்வொரு குறைக்குப் பக்கத்திலும் மூன்றில் ஒரு குறி போடுங்கள். இது சரியாகும்வரை வண்டி ரோட்டில் ஏறக்கூடாது, இது இந்த மழைக்கு முன் முடிய வேண்டும், இது ஆசை. ஆசை என்று எழுதுவதில் தப்பில்லை, ஆனால் முதல் குறி ஒன்றுகூட மீதமிருக்கும்போது மூன்றாவது குறிக்குப் பணம் எடுக்காதீர்கள். இன்னொன்று, கையில் இருக்கும் மொத்தப் பணத்துக்கும் திட்டம் போடாதீர்கள், நூற்றுக்கு முப்பதை ஒதுக்கி வையுங்கள். பழைய வண்டியில் ஒன்றைக் கழற்றினால் அதற்குப் பின்னால் இன்னொன்று உடைந்திருக்கும், எப்போதும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க

எதையும் கழற்றாமல் ஒரு நாள் முழுக்க வண்டியைப் பார்க்க மட்டும் ஒதுக்குங்கள். காலையில் இன்ஜின் ஆறியிருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்து பாருங்கள். தண்ணீர் துருநிறமா, எண்ணெய் மிதக்கிறதா? டிப்ஸ்டிக்கில் ஆயில் பால் கலந்த டீ மாதிரி இருந்தால் அதில் தண்ணீர் கலந்திருக்கிறது, ஸ்டார்ட் செய்யாமல் அங்கேயே நிறுத்துங்கள். பல வருடம் நின்ற வண்டியை நேரே சாவி போட்டு ஸ்டார்ட் செய்யவும் கூடாது, முதலில் பழைய ஆயிலை மாற்றி, இன்ஜினைக் கையால் சுற்றிப் பார்த்து, அது தாராளமாகச் சுற்றினால்தான் செல்ஃப் மோட்டாருக்கு வேலை.

ஸ்டார்ட் ஆன பிறகு புகையைப் பாருங்கள். கறுப்பு என்றால் டீசல் அதிகம் அல்லது காற்று போதவில்லை, ஏர் ஃபில்டரில் தொடங்குங்கள். நீலம் என்றால் ஆயில் எரிகிறது. காலையில் கொஞ்சம் வெள்ளை வந்து சூடானதும் நின்றால் கவலை இல்லை, நிற்காமல் வந்தால் நாசில், ஹீட்டர் பிளக், ஹெட் கேஸ்கெட் என்று தேட வேண்டும். ஆயில் ஊற்றும் மூடியை எடுத்து வாய்மேல் கையை வைத்துப் பாருங்கள், குப்குப்பென்று கையைத் தள்ளினால் ரிங், லைனர் தேய்ந்திருக்கிறது. அது பெரிய செலவு. ஆனால் உடனடிச் செலவு இல்லை, இப்படியே நிதானமாக ஓடும் இன்ஜின்கள் நிறைய உண்டு. அவசரப்பட்டு முதல் வேலையாக இன்ஜினைப் பிரிப்பவர்கள்தான் நடுவழியில் பணம் தீர்ந்து வண்டியைக் குறைவிலைக்குத் தள்ளுகிறார்கள்.

அப்புறம் முன்பக்கத்தை ஜாக்கி வைத்துத் தூக்கி, அடியில் கட்டை கொடுத்துவிட்டு, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் வீல் பேரிங் அல்லது கிங் பின், அதாவது சக்கரம் இடம் வலம் திரும்பும் அச்சு. பக்கவாட்டில் பிடித்து ஆட்டினால் வரும் ஆட்டம் டை ராட் எண்ட், அதாவது ஸ்டீயரிங் கம்பியின் முனை மூட்டு. ஒருவர் பிரேக்கை மிதித்துக்கொண்டிருக்க நீங்கள் மறுபடி ஆட்டுங்கள், ஆட்டம் நின்றுபோனால் அது பேரிங், நிற்காவிட்டால் கிங் பின். இந்தச் சின்னச் சோதனை தெரியாததால் நான் பேரிங்கை இரண்டு தடவை மாற்றினேன்.

நான்கு சக்கர இழுவையைச் சோதிக்கத் தார்ரோடு ஆகாது. இந்த ஜீப்களில் முன் ஆக்சிலுக்கும் பின் ஆக்சிலுக்கும் நடுவே வேக வித்தியாசத்தைச் சமாளிக்கும் டிஃபரன்ஷியல் கிடையாது, காய்ந்த தாரில் வளைந்தால் ஷாஃப்டும் அதன் மூட்டான கிராஸும் முறுக்கிக்கொள்ளும். கோடையில் வறண்டு கிடக்கும் கண்மாய் உள்வாய்தான் நமக்கு நல்ல இடம். மணலாக இருக்கும் பகுதியில் மெதுவாக ஓட்டி, லிவர் தானாக விலகி வருகிறதா, முன் ஷாஃப்டில் கடகட சத்தம் உண்டா என்று கேளுங்கள். ஈரம் இருக்கும் களிமண் பக்கம் போக வேண்டாம், மேலே காய்ந்த மாதிரி தெரியும், உள்ளே இழுத்துக்கொள்ளும்.

பிரேக்கில் பாதி வேலை என்பது கிடையாது

இந்த வண்டிகளில் பெரும்பாலும் நான்கு சக்கரத்திலும் டிரம். பழைய வகைகளில் பெடல் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர் ஒரே வழி, அதாவது ஒரு ஹோஸ் வெடித்தால் நான்கு பிரேக்கும் போய்விடும். வருடக்கணக்கில் நின்ற வண்டி என்றால் எது நன்றாக இருக்கிறது என்று தேர்ந்தெடுக்க உட்காராதீர்கள். நான்கு வீல் சிலிண்டர், மாஸ்டர் சிலிண்டர், ரப்பர் ஹோஸ் எல்லாவற்றையும் ஒரே தடவையில் மாற்றுங்கள். உள்ளே சொறி விழுந்த சிலிண்டருக்கு வாஷர் கிட் மட்டும் போட்டால் புது ரப்பரை அந்தச் சொறியே தின்றுவிடும். ஸ்டீல் பைப்பைக் கையால் தடவிப் பாருங்கள், சேஸோடு கிளிப்பில் பிடித்திருக்கும் இடத்தில்தான் உள்ளுக்குள் அரித்திருக்கும்.

பிரேக் ஆயில் காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சும். ஈரம் ஏறினால் கொதிநிலை இறங்கும், மலை இறக்கத்தில் தொடர்ந்து மிதிக்கும்போது ஆயில் கொதித்து, பெடல் பஞ்சு மாதிரி தரையைத் தொட்டுவிடும். கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவு, அதில் எத்தனையாவது வளைவில் இது நடக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால் டாட் 3 அல்லது டாட் 4, மூடி திறக்காத டப்பா, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை முழுசாக மாற்றம். அவசரத்துக்கு இன்ஜின் ஆயிலையோ வேறு எண்ணெயையோ அதில் ஊற்றிவிடாதீர்கள், உள்ளே இருக்கும் ரப்பர் எல்லாம் ஊதிப் பெருத்து மொத்தமும் வீணாகும். பிரேக் வழிக்குள் சிக்கிய காற்றை எடுக்கும்போது மாஸ்டர் சிலிண்டரில் இருந்து தூரமான சக்கரத்தில் தொடங்குங்கள், நம் வண்டிகளில் அது பின் இடது. அடுத்து பின் வலது, முன் இடது, கடைசியில் முன் வலது.

டிரம்மை லேத்தில் கடைந்து வாங்கலாம், ஆனால் அதற்கு ஓர் அளவு உண்டு. அளவைத் தாண்டிக் கடைந்த டிரம் மெலிந்து சூட்டில் விரியும். கடையில் எவ்வளவு மீதி இருக்கிறது என்று அளந்து சொல்லச் சொல்லுங்கள். பழைய ஜீப்களில் கை பிரேக் சக்கரத்தில் இல்லை, டிரான்ஸ்ஃபர் பெட்டிக்கு (இழுவையை முன், பின் ஆக்சிலுக்குப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) பின்னால் ஷாஃப்டில் இருக்கும். உங்களுடையதும் அப்படி என்றால் ஓடும்போது அதை இழுக்காதீர்கள், பின் ஷாஃப்டைக் கழற்றி வேலை பார்க்கும்போது கை பிரேக்கே இல்லை என்பதும் நினைவில் இருக்கட்டும், சக்கரத்துக்குக் கல் வையுங்கள்.

முன்பக்கம் டிஸ்க் மாற்றுவது நல்ல மேம்பாடுதான், நானும் அடுத்து அதைத்தான் செய்யப்போகிறேன். ஆனால் காலிபரும் ரோட்டரும் வாங்கிப் பொருத்திவிட்டால் முடிந்தது என்று நினைக்க வேண்டாம். டிரம்முக்கான பழைய மாஸ்டர் சிலிண்டர் வழியில் கொஞ்சம் அழுத்தத்தைத் தேக்கி வைத்திருக்கும் வால்வு இருக்கும், அதே வழியில் டிஸ்க்கைப் போட்டால் பேட் எப்போதும் உரசிக்கொண்டே இருந்து சூடாகும். மாஸ்டர், பூஸ்டர், காலிபர் மூன்றும் ஒன்றுக்கொன்று பொருந்தும் அளவில் வேண்டும், சக்கர ரிம் காலிபரில் இடிக்காமலும் இருக்க வேண்டும். இதைச் செய்து பழகியவர் கிடைக்காதவரை, நன்றாகச் செட் செய்த நான்கு டிரம் போதும்.

கை நடுங்கினால்

மணிக்கு 50, 60 கிலோமீட்டரில் ஒரு பள்ளத்தைத் தாண்டியதும் முன்சக்கரம் இரண்டும் தடதடவென்று ஆடி ஸ்டீயரிங்கே கையைவிட்டுப் பறக்கும், பழைய ஜீப் ஓட்டியவர்களுக்கு இது தெரியும். உடனே எல்லாரும் சொல்வது, ஆட்டத்தை அமுக்கும் ஒரு ஸ்டீயரிங் டேம்பர் போடு. அது நோயை மறைக்கும், தீர்க்காது. கிங் பின் பேரிங் தளர்ந்திருக்கிறதா, டை ராட் எண்ட் தேய்ந்திருக்கிறதா, லீஃப் ஸ்பிரிங் புஷ் சாப்பிட்டிருக்கிறதா, யு-போல்ட் தளர்ந்திருக்கிறதா, டயர் பேலன்ஸ் சரியா என்று ஒவ்வொன்றாக முடித்துவிட்டு வாருங்கள். வண்டியை உயர்த்த லிஃப்ட் கிட் போட்டவர்களுக்கு காஸ்டர் கோணம் (சக்கரம் திரும்பும் அச்சின் சாய்வு) கெட்டிருக்கும், அதுவும் இதே ஆட்டத்தைக் கொடுக்கும். ஸ்டீயரிங் பெட்டி ஸ்க்ரூவைத் திருகுவது எல்லாவற்றுக்கும் கடைசி. மற்ற இடத்து ஆட்டத்தை வைத்துக்கொண்டு பெட்டியை இறுக்கினால் நேராகப் போகும்போது பல் தேயும், திருப்பும்போது பிடிக்கும்.

கிரீஸ் நிப்பிள் ஒவ்வொன்றுக்கும் கிரீஸ் கன் வைத்துப் பழைய கிரீஸ் வெளியே வரும்வரை அடியுங்கள். நம் செம்மண் தூசி பொடிப்பொடியாகப் புஷ்ஷுக்குள் போய் அரத்தூள் மாதிரி வேலை செய்யும்.

சூடும் டீசலும்

நம் பக்கம் வெயிலைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. தைப்பூசத்துக்குக் குன்றக்குடியில் இருந்து பழநிக்கு நகரத்தார் காவடி நடந்து போகும்போது தண்ணீரும் சாமானும் ஏற்றிக்கொண்டு ஜீப்பும் கூடவே போகும். தை மாதம்தான், வெயில் அவ்வளவு இல்லை, ஆனாலும் நாள் முழுக்க நடைவேகத்தில் போவது இன்ஜினுக்கும் கிளட்சுக்கும் கடினமான வேலை. ரேடியேட்டருக்கு ஃபேன் காற்றைத் தவிர வேறு காற்று கிடையாது. கிளட்ச் பாதி மிதியிலேயே கிடக்கும்.

இதற்கு ஒரு வழி இருக்கிறது. முன்சக்கரத்தை முன் ஆக்சில் ஷாஃப்டில் இருந்து பிரித்துவிடக்கூடிய ஃப்ரீ வீல் ஹப் இருந்தால் ஹப்பைப் பிரித்து வைத்துவிட்டு லிவரை நான்கு சக்கர லோவில் போடுங்கள். முன்சக்கரம் இழுவையில் சேராது, அதனால் தாரிலும் முறுக்கல் வராது, டிரான்ஸ்ஃபர் பெட்டியின் லோ மட்டும் கிடைக்கும். வழக்கமான டேனா 18 வகைப் பெட்டியில் அது 2.46 மடங்கு இறக்கம். காலைக் கிளட்சில் இருந்து எடுத்துவிட்டு ஐடிலிலேயே நடப்பவர்களோடு போகலாம். பாரம் அதிகம் ஏற்றி மேட்டில் இப்படி ஏறாதீர்கள், முழு முறுக்கமும் பின் ஆக்சில் ஒன்றின் மேலேயே விழும். சமதரைக்கு மட்டும்.

கூலிங்கைச் சரிபார்ப்பது பெரிய வித்தை இல்லை. ரேடியேட்டரை வெளியே எடுத்துச் சுத்தம் செய்யக் கொடுங்கள், ஹோஸ், பெல்ட், மூடி மூன்றும் புதிது போடுங்கள், தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறியச் சொல்பவரின் பேச்சைக் கேட்காதீர்கள். போர் தண்ணீர் வேண்டவே வேண்டாம், உப்பு படிந்து குழாய் அடைக்கும். கூலன்ட்டும் டிஸ்டில்டு வாட்டரும் மட்டும். டெம்பரேச்சர் முள் வேலை செய்யவில்லை என்றால் அது முதல் குறி வேலை. ஒருமுறை அளவுமீறிச் சூடானாலும் ஹெட் வளைந்துவிடலாம், பிறகு அந்தச் செலவில் நான்கு பிரேக்கும் புதிதாகப் போட்டிருக்கலாம் என்று தோன்றும்.

நின்ற வண்டியின் டீசல் டேங்கைக் கழற்றி உள்ளே பாருங்கள். எங்களுடையதில் அடியில் ஒரு விரல் கனத்துக்குத் துருவும் கறுப்புப் பிசினும் இருந்தது. அதைச் சுத்தம் செய்யாமல் பம்ப்பும் நாசிலும் சர்வீஸ் செய்தால் அந்தப் பணம் ஒரே வாரத்தில் போய்விடும். டேங்க், பைப், ஃபில்டர், அதற்குப் பிறகு பம்ப், நாசில்.

வயரிங், துரு

பழைய வயரிங்கில் ஒட்டுக்கு மேல் ஒட்டு இருக்கும், எலியும் தன் பங்குக்குக் கடித்திருக்கும். துண்டு துண்டாகச் சரிசெய்வதைவிட முழு ஹார்னஸைப் புதிதாக இழுப்பது மேல், ஒவ்வொரு வழிக்கும் ஃபியூஸ் வைத்து. ஹெட்லைட்டுக்கு, ஸ்விட்ச் வழியாக இல்லாமல் பேட்டரியில் இருந்து நேரே மின்சாரம் கொடுக்கும் ரிலே கட்டாயம். 60 வாட் பல்பு இரண்டு சேர்ந்து 12 வோல்ட்டில் 10 ஆம்பியர் எடுக்கும், அது முழுக்க அந்தப் பழைய ஸ்விட்ச் வழியாகப் போகும்போது ஸ்விட்சும் சுடும், வெளிச்சமும் மங்கும். ரிலே போட்டதும் அதே பல்பு பளிச்சென்று எரியும். முன்னால் பட்டையாக எல்.இ.டி. மாட்டி எதிரே வருபவர் கண்ணைக் குருடாக்கத் தேவையே இல்லை. இன்ஜினுக்கும் சேஸுக்கும் நடுவே எர்த் பட்டையைப் புதிதாகப் போட்டுப் பாருங்கள், பாதி மின்சாரப் பிரச்சினை அதிலேயே தீரும்.

துரு விஷயத்தில் ஒன்று சொல்கிறேன். 1948இல் அடிக்கல் நாட்டி 1953இல் திறந்த மத்திய மின்வேதியியல் ஆய்வகம் நம் காரைக்குடியில்தான் இருக்கிறது, அழகப்பச் செட்டியார் இடமும் பணமும் கொடுத்து வந்தது. உலோகம் அரிப்பது ஏன், தடுப்பது எப்படி என்பது அவர்களுடைய முக்கியமான ஆய்வுகளில் ஒன்று. அப்படிப்பட்ட ஊரில் இருந்துகொண்டு துருவின்மேல் புட்டி பூசிப் பெயிண்ட் அடிப்பதைப் பார்த்தால் மனசு கேட்பதில்லை. இரும்புக்கு ஈரமும் காற்றும் சேர்ந்து கிடைத்தால் அரிப்பு நடந்துகொண்டே இருக்கும், பெயிண்டுக்கு அடியிலும். சேஸ் மடிப்புகளில் அடைந்த செம்மண் மழைக்காலம் முடிந்தும் வாரக்கணக்கில் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். முதலில் அந்த மண்ணைத் தண்ணீர் அடித்து வெளியேற்றி நன்றாகக் காயவிடுங்கள். ஸ்க்ரூ டிரைவரால் தட்டிப் பாருங்கள், குத்தினால் உள்ளே போகும் இடத்தை வெட்டி எடுத்துவிட்டுப் புதுத் தகடு வெல்டிங் செய்ய வேண்டும். மேல் துருவாக இருந்தால் சுரண்டி, பிரைமர் அடித்து, பிறகு பெயிண்ட். இந்த வேலைக்குச் சித்திரை, வைகாசி சரியான மாதம். ஐப்பசி மழை தொடங்கிய பிறகு பெயிண்டைத் தொடாதீர்கள்.

இப்போது ஆசைக்கு வரலாம்

மேலே சொன்னதெல்லாம் முடிந்த வண்டி ஏற்கெனவே வேறு வண்டிதான். அதை ஆறு மாதம் அப்படியே ஓட்டுங்கள். ஓட்டிய பிறகு எது உண்மையில் தேவை என்று பேரேடு சொல்லும்.

நம் தரை சமதரை. செம்மண் வண்டிப்பாதை, கண்மாய்க்கரை, மழைக்காலத்தில் கொஞ்சம் சேறு, எங்கு பார்த்தாலும் சீமைக்கருவேல முள். இதற்கு நான்கு அங்குல லிஃப்டும் வின்ச்சும் எதற்கு? முள்தான் நம் பெரிய எதிரி. பக்கச்சுவர் தடிப்பான டயர், பஞ்சர் கிட், காற்றடிக்கும் சின்ன கம்ப்ரசர், காற்று அளக்கும் மீட்டர், ஒரு நல்ல கயிறு, இரண்டு பலகை, இவை போதும். மணலில் சிக்கினால் காற்றை 18 பி.எஸ்.ஐ. அளவுக்கு இறக்கிப் பாருங்கள், பெரும்பாலும் அதிலேயே வெளியே வந்துவிடும். தாருக்கு வந்ததும் மறக்காமல் ஏற்றுங்கள்.

டயர் அளவை மாற்றுவதற்கு முன் கணக்குப் போடுங்கள். 215/75 ஆர் 15 டயரின் விட்டம் சுமார் 704 மி.மீ. 235/75 ஆர் 15 சுமார் 734. 31 அங்குலம் என்றால் 787. முதலாவதில் இருந்து 31க்குப் போனால் கிட்டத்தட்ட 12 சதவீதம் பெரிது. மீட்டர் 60 காட்டும்போது நீங்கள் 67இல் போகிறீர்கள், கியர் எல்லாம் அந்த அளவுக்குக் கனத்துப்போகும், பிரேக்குக்கும் அதே அளவு வேலை கூடும். 62 குதிரைத்திறன் இன்ஜின் மேட்டில் மூச்சு வாங்கும். நான் 31ஐக் கழற்றி விற்றுவிட்டு 235க்கு வந்தேன், வண்டி மறுபடி உயிர்பெற்ற மாதிரி இருந்தது.

பணம் இருந்தால் நான் சொல்லும் வரிசை: நான்கு பேருக்கும் சீட் பெல்ட், அதுவும் சேஸோடு பிடிக்கும் வலுவான இடத்தில், ஃப்ரீ வீல் ஹப், நல்ல சீட், பவர் ஸ்டீயரிங். சைலன்ஸரை எடுத்துவிட்டுச் சத்தம் கூட்டும் வேலை மட்டும் வேண்டாம். திருப்பத்தூர் பக்கம் வேட்டங்குடி, கொள்ளுக்குடிப்பட்டியில் கண்மாய்க்கு வரும் பறவைகளுக்காகத் தீபாவளிக்குக்கூட வெடி வெடிக்காமல் இருக்கும் ஊர்க்காரர்கள் இருக்கிறார்கள். அந்தக் கண்மாய்க்கரை வழியாகத்தான் நாமும் போகிறோம்.

பட்டறையில்

எங்கள் வண்டியை முதலில் ஒரு பட்டறையில் விட்டபோது மொத்தமாகப் பிரித்துவிட்டார்கள். சாமான் வரவில்லை, ஆள் வரவில்லை என்று பதினோரு மாதம் அது நான்கு மூலையில் கிடந்தது. திரும்ப வந்தபோது பெட்டிப் பெட்டியாக போல்ட், எது எங்கே என்று யாருக்கும் தெரியாது. அதற்குப் பிறகு நான் வைத்திருக்கும் விதி, ஒரு தடவைக்கு ஒரு பகுதி. பிரேக் பிரித்தால் பிரேக் முடிந்து வண்டி ஓட வேண்டும், அதற்கப்புறம்தான் அடுத்தது. சேஸ் வெல்டிங்குக்காகப் பாடியைத் தூக்குவது மட்டும் விதிவிலக்கு.

பிரிக்கும் நாளில் கூடவே இருங்கள், லீவு போட்டாவது. "அண்ணே, கழட்டுறதுக்கு முன்னாடி ஒரு போட்டோ எடுத்துக்கிறேன்" என்று சொன்னால் எந்த மெக்கானிக்கும் கோபித்துக்கொள்வதில்லை. போல்ட்டைத் தனித்தனிப் பையில் போட்டுப் பேர் எழுதுங்கள். மாற்றிய பழைய சாமானைத் திரும்பக் கேட்டு வாங்குங்கள், தேய்மானம் எந்தப் பக்கம் என்று பார்த்தால் காரணம் தெரியும். வேலைக்கு முன் என்னென்ன செய்யப்போகிறோம் என்று ஒரு தாளில் எழுதி இருவரும் வைத்துக்கொள்ளுங்கள், நடுவில் புதிதாக ஏதாவது கண்டால் போனில் கேட்டுவிட்டுத்தான் தொட வேண்டும் என்றும் பேசிவிடுங்கள். கூலியில் பேரம் பேசாதீர்கள். இந்த வண்டிகளைத் தெரிந்த கைகள் குறைந்துகொண்டே வருகின்றன.

கிடைக்காத சாமானுக்குச் சென்னை புதுப்பேட்டை. பழைய நக்கிள், ஷாஃப்ட், கியர்பெட்டி மூடி போன்றவற்றை அங்கே தேடலாம். பேரிங், ஆயில் சீல், பிரேக் சம்பந்தப்பட்ட எதுவும் பழசில் வாங்கக்கூடாது. கியர் ஆயிலிலும் கவனம்: ஆக்சிலுக்கு ஜி.எல். 5, கியர்பெட்டிக்கு ஜி.எல். 4. ஒரே டப்பாவை எல்லாவற்றிலும் ஊற்றினால், ஜி.எல். 5இல் இருக்கும் கந்தகச் சேர்க்கை கியர்பெட்டிக்குள் இருக்கும் பித்தளை வளையங்களை அரிக்கலாம்.

பூட்டிவிட்டு ஊருக்குக் கிளம்பும்போது

நம்மில் பலருக்கு வண்டி இங்கே, வேலை சென்னையிலோ சிங்கப்பூரிலோ. ஓடித் தேய்வதைவிட நின்று கெடுவதுதான் அதிகம். கிளம்பும் முன் டேங்கை நிறையப் போடுங்கள், காலி இடத்தில்தான் ஈரம் சேர்ந்து துரு பிடிக்கும். பேட்டரியின் எர்த் முனையைக் கழற்றி வையுங்கள். கை பிரேக்கை விட்டுவிட்டு, கியரில் போட்டு, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள், இல்லாவிட்டால் லைனிங் டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும். மாதக்கணக்கில் என்றால் ஆக்சிலுக்கு அடியில் கட்டை வைத்து டயரைத் தரையில் இருந்து தூக்கிவிடுவது நல்லது.

வீட்டைப் பார்த்துக்கொள்பவரிடம் மாதம் ஒருமுறை ஸ்டார்ட் செய்யச் சொல்வதென்றால், எர்த் முனையை எப்படி மாட்டுவது என்றும் காட்டிக்கொடுங்கள். இரண்டு நிமிடம் ஓடவிட்டு அணைப்பதில் பயனில்லை, முள் நடுவுக்கு வரும்வரை ஓடி, வாசலில் முன்னும் பின்னும் நகர்ந்து, பிரேக் நான்கு தடவை மிதிபட வேண்டும். ஏர் ஃபில்டர் வாயிலும் சைலன்ஸர் வாயிலும் எலி நுழையாமல் கம்பிவலையும் துணியும் அடைத்து வையுங்கள். அடைத்ததும் ஓர் அட்டையில் பெரிய எழுத்தில் "துணியை எடுத்துவிட்டு ஸ்டார்ட் செய்யவும்" என்று எழுதி ஸ்டீயரிங்கில் கட்டித் தொங்கவிட்டுவிட்டுக் கொட்டகையைப் பூட்டுங்கள்.